குண்டர் படத்தில் யாருடைய தமிழ்?

(மலேசியாவைக் களமாகக் கொண்ட குண்டர் படங்களில் மண்ணின் பேச்சு அவசியமா என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், டெங்கில் பேச்சாளர் ஆற்றிய உரை.)



காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பவர் மலேசியத் தமிழர். சாலையைச் சடக்கு என்பார். ரப்பர் மரத்தைக் கித்தா மரம் என்பார். ரிங்கிட்டை வெள்ளி என்று எண்ணுவார். அவரே திரையில் குண்டர் தலைவராக வரும்போது மட்டும் சென்னைக்காரராகப் பேசலாமா?

2016 ஜூலை 22இல் 'கபாலி' வெளிவந்தது. பா.இரஞ்சித் இயக்கிய அந்தப் படம் தோட்டத் தொழிலாளரின் ஊதிய உரிமையைப் பேசியது. தமிழகத்துப் பெரிய படமொன்று மலேசியத் தமிழரின் வரலாற்றைத் தொட்டது பாராட்டுக்குரியது. அதில் தைவான் நடிகர் வின்ஸ்டன் சாவ் நடித்தார். மலாய் நடிகர் ரோஷாம் நோர் நடித்தார். முன்னணித் தமிழ்ப் பாத்திரங்களுக்கு மட்டும் ரஜினிகாந்த், ராதிகா ஆப்தே, நாசர், கிஷோர் என்று எல்லாரும் இந்தியாவிலிருந்தே வந்தார்கள். முகத்தைத் தேடியவர்கள் நாக்கைத் தேடவில்லை.

அதற்கு ஏழு மாதம் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரையேறியது. கெட்டது என்று பொருள்படும் மலாய்ச் சொல் தமிழர் வாயில் திரிந்து பிறந்த தலைப்பு அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தில் அப்போய் என்ற 12 வயதுச் சிறுவன் குண்டர் உலகை எட்டிப் பார்க்கும் கதை. நடிகர்களும் உள்ளூர், பேச்சும் உள்ளூர். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அதுவே தேர்வானது.

எதிரணி நண்பர் 'காட்ஃபாதர்' படத்தை எடுத்துக் காட்டினார். மார்லன் பிராண்டோ இத்தாலியர் அல்லர், ஜேம்ஸ் கானும் அல்லர் என்றார். உண்மைதான். ஆனால் 1974இல் வந்த இரண்டாம் பாகத்துக்காக ராபர்ட் டி நீரோ சிசிலி மொழியையே கற்றுக்கொண்டு பேசினாரே! ஆஸ்கரும் அந்த நடிப்புக்குத்தான் கிடைத்தது. பிறப்பு எதுவாகவும் இருக்கட்டும். படிக்க மனம் வேண்டாமா?

பேச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் டெங்கிலுக்கு வரட்டும். 1990களில் புத்ராஜெயா எழும்ப, பெராங் பெசார், காலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. தரைவீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடின. அவர்கள் உழைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆயினும் நாடெங்கும் தோட்டங்கள் மூடப்பட்டபோது, திக்குத் தெரியாத இளைஞர் சிலரைக் கும்பல்கள் இழுத்துக்கொண்டன.

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டது. உறுப்பினர் சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. அந்த எண்ணைப் பார்த்தவர்கள் "இவர்களே இப்படித்தான்" என்றார்கள். ஏன் இப்படி என்பதை ஒரு நல்ல படம் சொல்ல முடியும். சென்னைத் தமிழ் பேசும் குண்டர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. லயத்துத் தமிழ் பேசுபவர் வாய் திறந்தாலே, இழந்த தோட்டமும் கூடவே தெரியும்.

ஆகவே, இங்கே படமெடுக்க வரும் இயக்குநர்களே, கோபுரங்களைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். இங்குள்ள கலைஞர்களுக்குப் பெரிய வேடம் கொடுங்கள். வசனத்தை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். அதற்குரிய சம்பளமும் கொடுங்கள்.