காற்று புகுந்தால் படகு நிற்கும்



பெரியப்பாமார்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே! இன்று பாடப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைப்போம். படகு இன்ஜினைப் பற்றிப் பேசுவோம்.

"இன்ஜின் பேச்சு நமக்கு எதற்கு?" என்று அக்காமார்கள் எழுந்து போக வேண்டாம். படகு வரவில்லை என்றால் கரையில் நின்று தவிப்பது நீங்கள்தான்.

நான் மெக்கானிக் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். காரைக்கால் கரையில் அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் படகில் டீசல் பில்டர் அடைத்துக்கொண்டது. அப்பா புதியது வாங்கி வந்தார். மாலையில் நாங்களே மாற்றினோம். இன்ஜினைத் தட்டினோம். உடனே பிடித்தது. இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினோம். அப்பா, சித்தப்பா, நான். கரையோரம் மெதுவாகப் போகும்வரை தொல்லை இல்லை. வெளியே வந்து வேகம் கொடுத்தோம். 20 நிமிடத்தில் இன்ஜின் திணறியது. நின்றுவிட்டது. கையால் பம்ப் அடித்தோம். மறுபடி பிடித்தது. மறுபடி நின்றது. நான்காவது முறை பிடிக்கவே இல்லை.

மேற்கிலிருந்து காற்று. படகைக் கரையை விட்டு வெளியே தள்ளியது. நங்கூரம் போட்டோம். செல்போனில் சிக்னல் இல்லை. நண்பகலில்தான் பக்கத்து ஊர்ப் படகு ஒன்று கண்ணில் பட்டது. அவர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

அம்மா காலையிலேயே மீன் கூடையோடு கரைக்கு வந்திருந்தார். மற்ற படகுகள் எல்லாம் வந்தன. எங்கள் படகு வரவில்லை. நாங்கள் கரை சேர்ந்தபோது மணி 3. அம்மாவின் கையில் கூடை இல்லை. அதை எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"புது பில்டர் போலி. கடைக்காரனை விடமாட்டேன்" என்றார் அப்பா. "அண்ணே, பம்ப் போய்விட்டது. கழற்றி டவுனுக்கு அனுப்புவோம்" என்றார் சித்தப்பா.

மெக்கானிக் அண்ணன் வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியாக எதில் கை வைத்தீர்கள்?"

பில்டர் கிண்ணத்தைக் கழற்றினார். மேல் மூடியின் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் கறுப்பாக ஒட்டிக்கொண்டு இருந்தது. அதன் மேலேயே புதிய வளையத்தையும் வைத்து முடுக்கி இருந்தோம். இரண்டு வளையம் சேர்ந்தால் சரியாக உட்காராது. அந்தச் சந்து வழியே காற்று புகுந்துவிட்டது.

பில்டர் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. 1, 2, 3 என்று எண் போட்ட படங்கள். முதல் படமே பழைய வளையத்தை எடுப்பதுதான். அப்பாவுக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்தச் சீட்டில் கையைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். படித்தவன் படிக்கவில்லை. பிழை என்னுடையது.

காற்று புகுந்தால் ஏன் இன்ஜின் நிற்கிறது?

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்துங்கள். காற்று சுருங்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் சுருங்காது. டீசலும் தண்ணீரைப் போலத்தான். டீசலை மிகுந்த அழுத்தத்தில் தள்ளினால்தான் நாசில் திறந்து பனி போலத் தெளிக்கும். அந்த அழுத்தம் பஸ் டயரில் உள்ளதைவிட 20 மடங்குக்கும் மேல். குழாயில் காற்று இருந்தால் பம்ப் அழுத்த அழுத்தக் காற்றுதான் சுருங்கும். நாசில் திறக்காது.

டீசல் ஒழுகவே இல்லையே, காற்று எப்படிப் புகும் என்று கேட்கலாம். இளநீரை உறிஞ்சு குழாயில் குடிக்கிறோம். குழாயில் சின்ன ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? இளநீர் வெளியே சிந்தாது. காற்றுதான் வாய்க்கு வரும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே நடப்பதும் இதுதான். வேகம் கூடினால் பம்ப் வேகமாக உறிஞ்சும். காற்றும் அதிகம் புகும். அதனால்தான் கரையில் 2 நிமிடம் ஓடிய இன்ஜின் கடலில் நின்றது.

டீசல் போகும் வழியை மனத்தில் வையுங்கள். டேங்க், திருகு, முதல் பில்டர், பீட் பம்ப், இரண்டாவது பில்டர், பெரிய பம்ப், நாசில். எங்கள் படகில் இந்த வரிசைதான். உங்கள் படகில் கொஞ்சம் மாறலாம்.

ஏதாவது ஒன்றை மாற்றிய பிறகு இன்ஜின் நின்றால் இப்படிப் பாருங்கள்.

ஒன்று. டேங்கில் டீசல் இருக்கிறதா? மூடிய திருகைத் திறந்தீர்களா? பலர் மறப்பது இதைத்தான்.

இரண்டு. டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறதா? அப்படியானால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்யுங்கள்.

மூன்று. கடைசியாகக் கை வைத்த இடத்துக்குப் போங்கள். வளையம் ஒன்றுதானா? வாஷர் நசுங்கி இருக்கிறதா? ஓஸில் வெடிப்பு உண்டா? கிளிப் இறுக்கமா? பில்டரில் அம்புக்குறி இருந்தால் அது பம்பைப் பார்த்து இருக்க வேண்டும்.

நான்கு. ஏர் எடுங்கள். முதல் பில்டர் கிண்ணத்தில் சுத்தமான டீசலை நிரப்பி மாட்டுங்கள். இரண்டாவது பில்டரில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். பீட் பம்பைக் கையால் அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வரும்போது முடுக்குங்கள். பிறகு பெரிய பம்பின் ஸ்குரூவிலும் இதே போலச் செய்யுங்கள். ஒழுகும் டீசலை டப்பாவில் பிடியுங்கள்.

ஐந்து. மறுபடி நின்றால் ஒரு கேன் டீசலைப் பக்கத்தில் வையுங்கள். அதிலிருந்து ஓஸ் போட்டு நேராகப் பீட் பம்புக்குக் கொடுத்து, மறுபடி ஏர் எடுங்கள். இன்ஜின் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால் குறை டேங்குக்கும் பம்புக்கும் நடுவே. அப்போதும் நிற்கிறதா? குறை பம்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கும். அங்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேலை செய்யும்போது பீடி, சிகரெட் கூடாது. நாசில் தெளிக்கும் இடத்தில் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் விரலே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்லாம் சரியானதும் படகைத் தண்ணீரில் கட்டி வைத்து, வேகம் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதில் நிற்காமல் ஓடினால்தான் கடலுக்குப் போக வேண்டும்.

கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. இது கட்டணம் இல்லாத எண். செல்போன் சிக்னல் கரைப் பக்கத்தில்தான் கிடைக்கும். அதனால் கருவி வைத்திருப்பவர்கள் வி.எச்.எப். 16ஆம் சானலில் கூப்பிடுங்கள்.

இப்போது எங்கள் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். எந்தச் சாமான் வாங்கினாலும் பெட்டியில் உள்ள சீட்டை முதலில் எடுக்கிறார். தமிழில் இல்லாவிட்டால், "தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று என்னிடம் நீட்டுகிறார். படித்துச் சொன்ன பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறார்.

உங்கள் நோட்டில் இன்று 3 வரி எழுதுங்கள். உங்கள் படகில் டீசல் போகும் வழி. கடைசியாக மாற்றிய சாமான். மாற்றிய தேதி. அடுத்த முறை இன்ஜின் நின்றால் அந்த வரிகளைப் பாருங்கள். எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்று அவை சொல்லும்.