கேட்டதால் வந்த பாட்டு



தியானம் செய்தால் கவிதை வருமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் திருவண்ணாமலைதான் நினைவுக்கு வருகிறது. 1896 செப்டம்பரில், 16 வயதில், மதுரையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி. முதல் சில வருஷம் வாயே திறக்கவில்லை. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குக்கூட எழுதிக் காட்டித்தான் பதில் சொன்னார். அதுதான் ‘நான் யார்?’. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், விட்டால் மறுபடி கிளம்பிவிடும் என்கிறார். நினைப்பு எழும்போதெல்லாம் ‘இது யாருக்கு?’ என்று கேட்கச் சொல்கிறார்.

அவருக்கு எழுதும் ஆசையே கிடையாது. நமக்கு அது ஒன்றுதான் உண்டு! உடனிருந்த சாதுக்கள், பிச்சைக்குப் போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். கிரிவலம் வரும் வழியில் பிறந்தது ‘அட்சரமணமாலை’: 108 கண்ணிகள், அகர வரிசையில்.

இன்னொரு நாள் அம்மா அழகம்மாள் அப்பளம் இட உட்கார்ந்து, மகனையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். மகன் இட்டது அப்பளம் அல்ல, ‘அப்பளப் பாட்டு’. ‘நான்’ என்கிற உளுந்து அதில் விசாரத் திரிகையில் உடைபடுகிறது. பிரண்டைச் சாறு, சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் என எதுவும் விட்டுப்போகவில்லை. பின்னாளில் ஆசிரம அடுக்களையில் விடிவதற்குமுன் காய் நறுக்கியவர் அல்லவா? வேதாந்தம் எழுதும் பலருக்கு உப்பு எவ்வளவு போடுவதென்று தெரியாது.

மனம் அடங்கினால் பாட்டு தானாகக் கொட்டிவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1928-இல், அவர் அவ்வப்போது எழுதிய உதிரி வெண்பாக்களைத் திரட்டிக்கொண்டு வந்தார் அடியவர் முருகனார். நாற்பதாக்கித் தரவேண்டும் என்றார். ரமணர் புதிதாக எழுத எழுத, பழையவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. ‘உள்ளது நாற்பது’ முடிந்தபோது அவற்றில் பெரும்பாலானவை நூலில் இல்லை. பிற்பாடு அனுபந்தத்துக்குப் போயின. எனக்கு அவருடைய மௌனத்தைவிட இதுதான் பெரிய ஆச்சரியம். சொந்த வெண்பாவை எடுத்து ஓரமாக வைக்க எந்தப் புலவருக்கு மனசு வரும்? ‘என் பாட்டு’ என்ற நினைப்பு அடங்கியவருக்கு வந்தது.

அடுத்துக் கவியரங்கம். கவிஞர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் குறிப்பில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி, அதை அடித்துவிட்டேன்.