மலாக்காவுக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்தவர்கள், “அறிவுரை வேண்டாம் சார், ஏதாவது கதை சொல்லுங்கள்” என்றார்கள். ஆகவே, சென்ற விடுமுறையில் நாங்கள் நாற்பது பேர் சிகாமட்டிலிருந்து மலாக்காவுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்கே வண்டி வந்துவிட்டது. பெரட்டுக்கு எழுந்து பழகிய சனங்கள் அல்லவா, ஒருவர்கூடத் தாமதிக்கவில்லை. பசியாற இட்லியும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பாதையின் இருபுறமும் செம்பனை. எங்கள் சிறு வயதில் கண்ணுக்கெட்டிய தூரம் கித்தாக் காடாக இருந்த இடங்கள்! சாகில் வந்ததும் வலப்பக்கம் குனோங் லேடாங் தெரிந்தது. 1,276 மீட்டர் உயரமுள்ள மலை. பாதி உடம்பை மேகம் மூடியிருந்தது. பிள்ளைகள் அந்த மலை இளவரசியின் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

தங்காக் தாண்டி, மலாக்கா மாநிலத்துக்குள் நுழைந்து, அசஹான் பக்கமாக வண்டியை விடச் சொன்னேன். அங்கே ஓர் ஓரமாக நிறுத்தி ஒரு சிறு பாடம் நடத்தினேன். வாத்தியார் புத்தி போகுமா?

“பிள்ளைகளே, ரப்பர் நம் நாட்டு மரமல்ல, பிரேசில் நாட்டு மரம். 1876-ல் அதன் விதைகள் லண்டனுக்குப் போயின. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அவர் பேச்சைக் கேட்டு, டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். வியாபாரத்துக்காக மலாயாவில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு இந்த அசஹானில் பெரிய தோட்டமே போட்டார்.”

எங்களோடு எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி வந்திருந்தார். முப்பத்தெட்டு வருஷம் மரம் வெட்டியவர். காண்டா தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியே போனவர். சன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் கேட்டார்:

“வாத்தியாரே, நட்டவுக பேரு சொன்னீங்க. சீவக் கத்துக் குடுத்தவுக பேரும் சொன்னீங்க. மொதமொதல்ல உளியப் புடிச்சு மரம் வெட்டுனது யாருங்க? அவுக பேரு இல்லையா?”

முப்பது வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. “எழுதி வைக்கலீங்கம்மா” என்றேன். பாட்டி வெளியே பார்த்துக்கொண்டே, “அப்ப நானும் அப்படித்தான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் மலாக்கா வரைக்கும் என்னோடு வண்டியில் வந்தது.

மலாக்கா நகரில் 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தைத் தரிசித்தோம். அக்கம்பக்கத்திலேயே 1748-ல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலும், அதைவிடப் பழைய சீனர் கோயிலும் இருக்கின்றன. போர்த்துக்கீசியர் 1511-ல் இந்நகரைப் பிடித்தபின் இங்கே வந்த தோமே பிரெஸ் என்பவர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்கும் என்று எழுதினார். அவற்றில் நம் தமிழும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்த தமிழ் வணிகர்கள் அப்போதே இங்கே செல்வாக்கோடு இருந்தார்கள்.

அவர்களுடைய வழித்தோன்றல்கள்தாம் மலாக்காச் செட்டிகள். கம்போங் காஜா பெராங்கில் அவர்கள் வாழும் பகுதிக்கும் போனோம். வாசலில் மாவிலைத் தோரணம். வீட்டுக்குள் சாமி படம். கெபாயாவும் சாரோங்கும் உடுத்திய பெண்கள். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெரியவர், “அப்பா காபார்?” என்று எங்களை வரவேற்றார். நம் பள்ளி மாணவி ஒருத்தி தமிழில் பதில் சொன்னாள். அவர் சிரித்தார். மலாயில் சொன்னார்: “எனக்குத் தமிழ் வராது, மகளே. என் பாட்டன் காலத்திலேயே இல்லை. நீ பேசு, நான் கேட்கிறேன்.”

அந்தப் பெண் தன் பெயர், பள்ளி, தோட்டம், வீட்டு ஆட்டுக்குட்டி என்று மூச்சுவிடாமல் பேசினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “பொங்கல்” என்ற சொல் வந்தபோது மட்டும் கண்ணைத் திறந்து, “அது எங்களிடமும் இருக்கிறது!” என்றார்.

பெரியோர்களே, நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. சுல்தான்கள், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை ஆட்சி மாறியும், கோயிலையும் பொங்கலையும் முன்னோர் படையலையும் விடாமல் காத்தவர்கள் அவர்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் இங்கேயே பெண்ணெடுத்து இங்கேயே வேரூன்றினார்கள். தாய் பேசிய மலாய் மொழி பிள்ளையின் மொழியாயிற்று. யாரும் பிடுங்கவில்லை. வீட்டில் பேச்சு நின்றது, மொழி நின்றது. அவ்வளவுதான்.

நாம் எப்படி? 1957-ல் இந்நாட்டில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டங்கள் துண்டாகி, மக்கள் பட்டணம் போய், பிள்ளைகள் குறைந்து, பள்ளிகள் மூடின. மிச்சமிருக்கும் பள்ளிகளில் ஒன்றின் கூரைக்கடியில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வண்டியில் எல்லோரும் தூக்கம். அந்த மாணவி மட்டும் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து, “பாட்டி, நீங்க மொதமொதல்ல எந்த வயசுல மரம் வெட்டப் போனீங்க? சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்றாள். வண்டி விளக்கின் மங்கல் வெளிச்சத்தில், சிகாமட் வரும்வரை பாட்டி சொன்னார், அவள் எழுதினாள். அந்த எழுத்து தமிழ் எழுத்து. அதைக் கற்றுக்கொடுத்தது இந்தப் பள்ளிக்கூடம்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் பரிசுப் புத்தகத்தைத் தாத்தா பாட்டியிடம் காட்டுங்கள். பிறகு ஒரு பழைய நோட்டை எடுத்து, அவர்கள் பெயரை முதல் பக்கத்தில் எழுதி, அவர்கள் கதையைக் கேளுங்கள். பெற்றோர்களே, நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: வீட்டில் தமிழ் பேசுங்கள், பிள்ளையை இங்கே அனுப்புங்கள். அடுத்த முறை யாராவது, “மரம் வெட்டுனவுக பேரு என்ன?” என்று கேட்டால், “இதோ, எழுதி வைத்திருக்கிறோம்” என்று சொல்ல நம் பிள்ளைகள் இருக்க வேண்டும்.