பின் எஞ்சின் வண்டியை அலம்பலாமா?

(பாலக்காட்டில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆன்மிகமோ சங்கீதமோ பேச வேண்டிய மேடையில் நான் கார் அலம்புவதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் உண்டு. நம் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். துபாயில் இருக்கும் அவருடைய மாப்பிள்ளை போர்ஷே 911 வாங்கியிருக்கிறாராம். எஞ்சின் பின்னால் இருக்கிறது. அதன் மூடியிலோ கிராதி மாதிரி இடைவெளி. "தண்ணீரை விட்டால் நேரே எஞ்சினுக்குள் போய்விடாதா? அலம்பவே பயப்படுகிறார்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், "என் டாடா நானோவுக்கும் இதே சந்தேகம்தான்" என்றார். கோடிக்கும் லட்சத்துக்கும் ஒரே கேள்வி! ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. பின் எஞ்சின் என்பது நமக்கு அபூர்வமான விஷயமே அல்ல. கல்பாத்தியிலிருந்து ஒலவக்கோடு ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போகாதவர்கள் இங்கே யார்? பஜாஜ் கம்பெனி 1977-ல் பின் எஞ்சின் ஆட்டோவைக் கொண்டுவந்தது. வண்டியில் 'ஆர்.ஈ.' என்று போட்டிருக்கிறதே, அது 'ரியர் எஞ்சின்' என்பதன் சுருக்கம்தான். 2009-ல் வந்து 2018-ல் உற்பத்தி நின்றுபோன நானோவுக்கும் எஞ்சின் பின்னால்தான். இரண்டு கோடிக்கு மேல் விற்ற பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கும் அப்படியே. 1963-ல் முதலில் காட்டப்பட்ட போர்ஷே 911 அந்த வம்சத்தில் வந்த பணக்காரப் பிள்ளை, அவ்வளவுதான்.

மிதுனம், கர்க்கடக மாசங்களில் நம் ஊரில் பெய்யும் மழை உங்களுக்குத் தெரியும். மூணாறிலும் பீர்மேட்டிலும் நாள்கணக்கில் விடாமல் கொட்டும். அந்த மழையில்தான் ஆட்டோக்கள் ஓடுகின்றன. ஸ்டாண்டில் நனைந்துகொண்டே நிற்கின்றன. மேலேயிருந்து விழும் தண்ணீரால் பின் எஞ்சின் கெட்டுப்போகும் என்றால், இந்த ஜில்லாவில் ஆவணி மாசம் ஓடுவதற்கு ஒரு ஆட்டோவும் மிஞ்சாது. மழையில் நிற்கப்போகும் வண்டி என்று தெரிந்துதான் அதை வடிவமைக்கிறார்கள்.

சரி, அந்த இடைவெளி எதற்கு? எஞ்சின் அறைக்குள் காற்று போய்வர வேண்டும். எஞ்சின் மூச்சு விடவும் வேண்டும், அதன் உஷ்ணம் வெளியேறவும் வேண்டும். 1998 வரையில் 911-ன் எஞ்சினைக் குளிர வைத்ததே காற்றுதான். பிறகுதான் தண்ணீரால் குளிர வைக்கும் முறைக்கு மாறினார்கள். கிராதி வழியாக விழும் தண்ணீர் எஞ்சினின் வெளிப்புறத்தில் பட்டு, அடியில் இருக்கும் இடைவெளிகளால் தரையில் வடிந்துவிடும். எஞ்சின் அறைக்குள் தண்ணீர் போவது வேறு, எஞ்சினுக்குள் தண்ணீர் போவது வேறு. வீட்டுத் தாழ்வாரத்தில் சாரல் அடித்தால் அரிசிப் பானைக்குள் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தமா? இந்த வித்தியாசம் மனசில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

எஞ்சினுக்குள், அதாவது சிலிண்டருக்குள், தண்ணீர் போக ராஜபாட்டை ஒன்றுதான். அது காற்று போகிற வழி. முதலில் ஒரு குழாய், அப்புறம் ஏர் ஃபில்டர் பெட்டி, அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகித ஃபில்டர், அதைத் தாண்டித்தான் எஞ்சின். குழாயின் வாய் பொதுவாக மழை நேரே விழாத இடத்தில், வளைத்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஃபில்டர் பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சின்ன துவாரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் ஓடினால்தான் காற்றை உறிஞ்சும். நிற்கிற எஞ்சின் உறிஞ்சாது. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கெட்டும் துணியுமாகவோ சாதாரணக் குழாயாலோ வண்டியை அலம்பினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. மாப்பிள்ளையிடம் தைரியமாகச் சொல்லலாம்.

சைலன்சர் வழியாகப் போகாதா என்று கேட்பார்கள். அலம்பும்போது அதன் நுனியில் கொஞ்சம் தண்ணீர் தெறித்தால், அடுத்த தடவை ஸ்டார்ட் செய்ததும் ஆவியாகவும் துளியாகவும் வெளியே வந்துவிடும். குழாயை அதற்குள் நேரே நீட்டிப் பீய்ச்ச வேண்டாம்.

அப்படியானால் ஆபத்தே கிடையாதா? உண்டு. அது வாட்டர் சர்வீஸில் இருக்கிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் சுமார் இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் வரும். பிரஷர் பம்பில் நூறு பாருக்கும் மேலே. மழைக்கு வழிவிடாத ரப்பர் விளிம்பு, இந்த வேகத்துக்கு வழிவிட்டுவிடும். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போவதைவிட, மின்சார இணைப்புகளுக்குள் போவதுதான் அதிகம். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கலாம். இக்னிஷன் காயில், சென்சார்களின் செருகிகள், ஆல்டர்னேட்டர் இவற்றில் ஈரம் ஏறலாம். உடனே வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும், அல்லது ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் உதறும். பழைய வண்டிகளில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் ஈரம் போனாலும் இதே கதைதான். இதைப் பார்த்துவிட்டுத்தான் "எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது" என்று பதறுகிறார்கள். அநேகமாக அது ஈரமான பிளக்தான். துடைத்து, காற்றாட வைத்தால் சரியாகிவிடும். ஆனால் செருகிக்குள் தங்கிய ஈரம் மெதுவாகப் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். அந்தக் கோளாறு ஆறு மாசம் கழித்துத் தலைகாட்டும்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொரு விஷயம் சூடு. தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு ஏறியோ, குமுளி வழியாகவோ இடுக்கிக்குள் போகிறவர்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டியில் படிந்த தூசியைப் பார்த்து உடனே தண்ணீர் விடச் சொல்லுவார்கள். கூடாது. மலை ஏறிய எஞ்சின் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டி மாதிரி. பழுக்கக் காய்ந்த புகைக்குழாயில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விட இடமுண்டு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குள் பீங்கான் மாதிரியான பாகம் இருக்கிறது, அதற்கும் ஆகாது. முன் எஞ்சின் வண்டியில் பானெட்டைத் திறந்தால்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். பின்னால் கிராதி உள்ள வண்டியில் மூடியைத் திறக்காமலே செய்துவிடலாம். பின் எஞ்சினுக்கென்று தனியாக ஒரு ஜாக்கிரதை உண்டென்றால் இதுதான். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

அலம்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்தி, நிழலில் ஆறவிட வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். பின் மூடிக் கிராதியில் குழாயை நேரே காட்டாமல், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நானோவுக்குப் பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் காற்றுத் துவாரங்கள் உண்டு, அங்கேயும் பீய்ச்ச வேண்டாம். வாட்டர் சர்வீஸில் விட்டால், "எஞ்சின் பக்கம் பிரஷர் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பையன் சொன்னால் கேட்பான். சொல்லாவிட்டால், நன்றாக அலம்ப வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலேயே உள்ளே அடித்துவிடுவான். அலம்பி முடித்ததும் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டால் வெளி ஈரம் உலர்ந்துவிடும். வாளையாறு கணவாய்க் காற்றில் வரும் தூசி இந்த வண்டிகளின் பின்பக்கம் நிறைய சேரும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் சேறு. ஆகவே கிராதியில் சேரும் தூசியை முதலில் பிரஷ்ஷால் தட்டிவிடுவது நல்லது.

இவ்வளவு நேரம் பயம் வேண்டாம் என்று சொன்னேன். இனி பயப்பட வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். அது தேங்கிய தண்ணீர்.

காற்றை அழுத்தினால் சுருங்கும். தண்ணீரை அழுத்தினால் சுருங்காது. 300 சி.சி. அளவுள்ள ஒரு சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லிதான். உத்தரணி ஒன்று அஞ்சு மில்லி என்று வைத்துக்கொண்டால், ஆறேழு உத்தரணித் தண்ணீர்! போர்ஷேயின் பெரிய சிலிண்டரிலும் அது ஐம்பது மில்லியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால், மேலே வரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. எஞ்சின் அப்படியே இறுகி நிற்கும். வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ஹைட்ரோஸ்டாடிக் லாக் என்கிறார்கள்.

2018 ஆகஸ்ட் மாசத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலம்புழையின் ஷட்டர்கள் திறந்திருந்தன, கல்பாத்திப் புழை கரை தாண்டியது. இடுக்கியில் செறுதோணி அணையை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்து, அடுத்த நாளே ஐந்து ஷட்டர்களையும் உயர்த்தினார்கள். நெடும்பாசேரி விமான நிலையமே 15-ஆம் தேதியிலிருந்து 29-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. அப்போது நின்ற இடத்திலேயே முழுகிய கார்கள் எத்தனையோ. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி துபாயிலும் அதே காட்சி. எமிரேட்ஸில் 1949-ல் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு மழை பெய்ததில்லை. மாப்பிள்ளை கவலைப்பட வேண்டியது வாசலில் வண்டி அலம்புவதைப் பற்றி அல்ல, அந்த மாதிரி நாளில் வண்டியை வெளியே எடுப்பதைப் பற்றித்தான். ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருக்கும். ஜீப்பு சிரித்துக்கொண்டே தாண்டும் பள்ளம் அதற்கு ஏரி.

முழுகிய வண்டியை வெள்ளம் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்" என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய விபரீதம். அதுவரை ஃபில்டர் பெட்டியில் சும்மா கிடந்த தண்ணீரை நாமே உறிஞ்சி உள்ளே அனுப்புகிறோம். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றி, மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அவர் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, தண்ணீரை வெளியேற்றுவார். ஆயிலையும் பார்ப்பார். அது பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இங்கேதான் வருகிறது. வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழு பாலிசியில் பணம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லிப் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொண்டால்தான் கிடைக்கும். ஒரு சாவித் திருப்பலில் லட்சக்கணக்கான ரூபாய் யார் தலையில் விழும் என்பது தீர்மானமாகிவிடும். வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வண்டியைப் புழைக்குள் இறக்கி அலம்பும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின் எஞ்சின் ஆட்டோவைப் பின்பக்கமாக இறக்கினால் சைலன்சர் தண்ணீருக்குள் போகும். சூடான எஞ்சின் நின்றதும் உள்ளே இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும். வண்டிக்கும் கெடுதல், ஆயிலும் கிரீஸும் கலப்பதால் புழைக்கும் கெடுதல். கீழே அதே தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தண்ணீர்க் கணக்கு. நிமிஷத்துக்கு 12 லிட்டர் வரும் குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 180 லிட்டர் போய்விடும். பக்கெட் வைத்து அலம்பினால் மூன்று பக்கெட், 45 லிட்டர். 2016 அக்டோபரில் கேரளத்தின் 14 ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்களாக அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் அலம்பினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். ஆகவே பக்கெட் முறையில் எஞ்சினும் பிழைக்கும், கிணறும் பிழைக்கும்.

 இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள். வண்டியோடு வந்திருந்தால் இன்னும் நல்லது, மூடியைத் திறந்தே காட்டிவிடுகிறேன்.