கொலுசும் சிலம்பும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துப் பெருமக்களே!

"துப்பறியும் கொலைக்கதை படிப்பது பயனா? பாழா?" இதுதான் தலைப்பு. பயனே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி அம்மா என்ன சொன்னாங்க? "கொலைக்கதை படிச்சா கொலை செய்யத் தோணும்"னாங்க. அம்மா, எங்க வீட்டிலே முப்பது வருஷமா சமையல் குறிப்புப் புத்தகம் படிக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு ரசம் வைக்கத் தெரியாது! (சிரிப்பு)

நம்ம தமிழிலே இது நேற்று வந்த பழக்கமா? நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் என்று பெரிய வரிசையே இருந்தது. அப்புறம் தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேலே எழுதியவர். பஸ் ஸ்டாண்டுக் கடையிலே கயிற்றில் தொங்கிய மாத நாவலை வாங்கித்தான் எத்தனையோ பேர் எழுத்துக் கூட்டிப் படிக்கவே பழகினார்கள். அட்டைப் படத்தில் கத்தியும் ரத்தமும் இருக்கும், ஒத்துக்கிறேன். அட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதைத்தானே உள்ளே இருக்கிற கதை சொல்கிறது!

பயன் என்ன? ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. 1977-இல், கத்தார் நாட்டிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றை லண்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அம்மா அப்போது படித்துக்கொண்டிருந்தது அகதா கிறிஸ்டி 1961-இல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' நாவல். அதிலே தாலியம் என்கிற விஷத்தால் முடி கொட்டுகிற அறிகுறி வருகிறது. குழந்தைக்கும் முடி கொட்டுகிறது. "டாக்டர், தாலியமா இருக்குமோ?" என்று கேட்டார். சோதித்தார்கள். அதேதான்! குழந்தை பிழைத்தது. (கைதட்டல்) கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அதனால் விஷத்தைப் பற்றிச் சரியாக எழுதினார். சரியாகப் படித்த ஒருத்தி இருந்ததால் பிள்ளை பிழைத்தது.

இன்னொன்று. இங்கிலாந்திலே ஜார்ஜ் எடல்ஜி என்று ஒரு இளம் வக்கீல். அப்பா பம்பாயிலிருந்து போன பார்சி, அந்த ஊர்ப் பாதிரியார். 1903-இல் ஊரில் யாரோ இரவில் கால்நடைகளை வெட்டுகிறார்கள். "இந்த இந்தியன்தான்" என்று ஏழு வருஷம் தண்டனை கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து வெளியே வந்தவர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிய கானன் டாயிலுக்குக் கடிதம் போட்டார். ஒரு ஹோட்டலில் சந்திப்பு. டாயில் கண் மருத்துவம் படித்தவர். தூரத்திலிருந்தே பார்க்கிறார்: இந்த மனிதர் பேப்பரை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்கிறார்! இத்தனை மங்கலான கண்ணை வைத்துக்கொண்டு, கும்மிருட்டிலே தண்டவாளம் தாண்டிப் போய்க் குதிரையை எப்படி வெட்டியிருக்க முடியும்? பத்திரிகையில் எழுதினார், போராடினார். 1907-இல் மன்னிப்பு வந்தது. அதே வருஷம் அந்த நாட்டில் குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டமும் வந்தது.

ஐயா, துப்பறியும் கதையின் சாரம் கொலை இல்லை. 'விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதே' என்பதுதான் சாரம். யார்மேல் முதலில் சந்தேகம் வருகிறதோ, அவன் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. இதை நூறு கதையிலே படித்தவன் வாழ்க்கையில் சட்டென்று யாரையும் கைகாட்ட மாட்டான்.

நம்ம சிலப்பதிகாரம் என்ன? விசாரணை நடக்காத வழக்கு! பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுப்பட்டான். சிலம்புக்குள்ளே முத்தா, மாணிக்கமா? அந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. கேட்டவள் கண்ணகி. அவள்தான் நம் முதல் துப்பறிவாளர்! (பலத்த கைதட்டல்)

இனி என் கதை. சிலப்பதிகாரத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். ஒரு சனிக்கிழமை என் மகளின் வெள்ளிக் கொலுசில் ஒன்றைக் காணோம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவைக் கூப்பிட்டு, "எடுத்திருந்தா கொடுத்திடு"ன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தார். ஐந்தாவது வரைக்கும் படித்தவர். தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு மாத நாவல் இருக்கும். நான்கூடக் கேலி செய்வேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்போ கால்ல பார்த்தே?"

"வெள்ளிக்கிழமை காலைல, பாட்டி."

"அன்னைக்கு அந்தம்மா வேலைக்கு வந்தாளா?"

"இல்லை, லீவு."

"ஸ்கூல் விட்டு வந்து எதை எதைக் கழட்டினே?"

குழந்தை ஓடிப்போய் ஷூவைக் கொண்டு வந்தாள். உள்ளே சுருட்டி வைத்த சாக்ஸ். அதற்குள்ளே, திருகு தளர்ந்து கழன்ற கொலுசு!

என் அம்மா என்னைப் பார்த்து, "நீ என்னத்தப் படிச்சே?"ன்னு கேட்டாங்க. (அமைதி) அன்றைக்கு என் வீட்டில் பாண்டியனாக உட்கார்ந்திருந்தவன் நான்தான். தேடிப் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றார். ஆனால் திரும்ப வேலைக்கு வரவில்லை. கொலுசு கிடைத்தது, அந்தம்மாவின் நம்பிக்கை கிடைக்கவில்லை.

இந்த ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்கு இது புதுசு இல்லை. 1991 மே 21 இரவு முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். குண்டுவெடிப்பில் இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் கேமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த படங்கள்தான் புலனாய்வுக்கு வழிகாட்டின. நாடே கொதித்த வழக்கு. 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை என்றது. 1999-இல் உச்ச நீதிமன்றம் சான்றுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எடைபோட்டு, அதில் 19 பேரை விடுதலை செய்தது. கோபம் எவ்வளவு பெரிதானாலும் தராசு அசையக் கூடாது.

ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு பாகத்தில் பழுது வந்தால், நல்ல தொழிற்சாலையில் "எவன் கை வச்சான்?" என்றா கேட்கிறார்கள்? "ஏன்?" என்று ஐந்து முறை கேட்கச் சொல்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் வகுத்த முறை. மிஷினில் இருந்த பழுதுக்கு மனுஷனைக் குற்றவாளி ஆக்காமல் இருக்க அதுதான் வழி. அதையேதான் துப்பறியும் கதையும் செய்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (சிரிப்பு) ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை துப்பறியும் நாவல் படித்தால் பிடுங்காதீர்கள். வயசுக்கு ஏற்றதா என்று மட்டும் பாருங்கள். நாளைக்கு உங்கள் வீட்டிலே ஒரு பொருள் காணாமல் போகும். அப்போது ஒரு ஏழையின் முகத்தைப் பார்க்காமல், முதலில் ஷூவுக்குள்ளே பார்க்கிற பிள்ளையாக அது வளரட்டும்.

துப்பறியும் கதை படிப்பது பயனே, பயனே என்று கூறி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)