பெருந்தொற்றும் பெருவிழாவும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் தைப்பூசம். சிங்கப்பூரில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு இரண்டு வாரங்களே கடந்திருந்தன. அன்று அரசாங்கம் நோய்ப் பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்திற்று. செய்தி பரவிய சில மணி நேரத்தில் பேரங்காடிகளில் அரிசி மூட்டைகளும் உடனடி மீ பொட்டலங்களும் கழிவறைத் தாளும் அடுக்குகளிலிருந்து மறைந்தன. மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் மக்களிடம் பேசி, இவற்றை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை என்று அமைதிப்படுத்த நேர்ந்தது. அதே நாளில் சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பால்குடங்களும் காவடிகளும் புறப்பட்டு, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் சென்றடைந்தன. ஒரே ஊர், ஒரே நாள். ஒரு பக்கம் அச்சம் மனிதரை ஓட்டியது. மறு பக்கம் விரதம் இருந்தவர்கள் நிதானமாய் நடந்து சென்றனர்.

அடுத்த ஆண்டு அந்த நடையும் நின்றது. மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. 2021 ஜனவரி 28 தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளிலும் பக்தர் இல்லை. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்து வெள்ளி இரதம் வழக்கமான கூட்டமின்றியே மலையடிவாரம் சேர்ந்தது. சிங்கப்பூரில் பாத ஊர்வலமும் காவடியும் நிறுத்தப்பட்டன. முன்பதிவு செய்தவர்கள், ஆலயமே ஆயத்தம் செய்து வைத்த பால்குடத்தை ஏந்தி வழிபட்டுத் திரும்பினர். 2022 ஜனவரி 18 அன்று பத்துமலை கட்டுப்பாடுகளுடன் திறந்தபோதும் பால்குடத்துக்கே அனுமதி கிடைத்தது, காவடிக்கு இல்லை. இரு நாடுகளிலும் காவடிகள் மீண்டும் தோளேறியது 2023 பிப்ரவரி 5 அன்றுதான்.

இவற்றைக் கண்டு, “சமயமே தடைப்பட்டது” என்று வருந்தியோர் பலர். அவர்தம் வருத்தம் இயல்பானது. ஆனால் விலகியிருத்தல் தமிழர் சமய வாழ்வுக்குப் புதிதா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது மூதாதையர் வழக்கம். அந்த வேப்பிலை வழிபாட்டின் அடையாளம். அதுவே அறிவிப்புப் பலகையும் ஆகும். அதைக் கண்ட அயலார் உள்ளே நுழையார். அவ்வீட்டார் பிறர் வீட்டு விசேடங்களுக்குச் செல்லார். உள்ளே நோயாளிக்குத் தனி இடம், தனிப் பாய், பார்த்துக்கொள்ள ஒருவர். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்பும். பால்மரத் தோட்டங்களின் லயங்களில் சுவரோடு சுவராக வாழ்ந்த குடும்பங்களும் இதைக் கைக்கொண்டன. கிருமி என்ற சொல்லை அறியாத பாட்டிமார், பிற்காலத்து மருத்துவர் வகுத்த தனிமைப்படுத்தலை மாரியம்மன் பெயரால் நடத்தி வந்தனர். அதை மீறுவது தெய்வக் குற்றம் என்று கருதப்பட்டதால் அதைக் காக்கக் காவலரும் அபராதமும் தேவைப்படவில்லை. பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனை ஒழித்தது தடுப்பூசி. தடுப்பூசி வரும் வரை பல உயிர்களைக் காத்ததில் இந்த ஒதுங்கலுக்கும் பங்குண்டு.

கடல் கடந்து வந்தோரின் கதையிலும் இது உண்டு. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தொழிலாளர் பலர், பினாங்கு மண்ணை மிதிக்குமுன் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூர் வந்தோர் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் தங்க வைக்கப்பட்டனர். 1873இல் சிங்கப்பூரைத் தாக்கிய வாந்திபேதிக்குப் பின், அடுத்த ஆண்டு செயிண்ட் ஜான்ஸ் தீவில் அந்தத் தனிமை நிலையம் ஏற்பட்டது. அங்கே அவர்கள் பெற்ற நடத்தை பெருமைக்குரியதன்று; மனிதரைச் சரக்காய் எண்ணிய காலம் அது. ஆயினும் கரை கண்ணுக்குத் தெரிய, காத்திருந்து பொறுமையோடு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று இவ்வாலயங்களில் விளக்கேற்றுகின்றனர்.

விழாக் காலத்தில் இந்நோய் ஏன் விரைந்து பரவுகிறது? காய்ச்சலும் இருமலும் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பிறருக்குத் தொற்றை அளிக்க வல்லவர் ஆகிவிடுகிறார். “உடம்புக்கு ஒன்றும் இல்லையே” என்று மனமார நம்பி வருபவரும் அதைச் சுமந்து வரலாம். மூச்சோடு வெளிப்படும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கும். உரக்கப் பேசினாலும் பஜனை பாடினாலும் அவை மிகும். எனவே குளிர்சாதனம் ஓடும் மூடிய கூடத்தில் முப்பது பேர் அமர்ந்து பாடுவதைவிட, திறந்த முன்மண்டபத்தில் பாடுவது நலம். வீட்டிலும் அவ்வாறே: சன்னல்களைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு விருந்தினரை அமர்த்தலாம்.

சோப்பிட்டு இருபது வினாடி கை கழுவினால் நுண்ணுயிரின் கொழுப்புறை கரைந்து அது செயலிழக்கும். கைத்தூய்மி தெளிப்போர் ஒன்றை மறத்தலாகாது. அதில் பெரும்பகுதி எரிசாராயம். ஈரம் காயுமுன் கற்பூரம் ஏற்றினாலோ மத்தாப்புக் கொளுத்தினாலோ கையில் தீப்பற்றும். தீபாவளிக்கு விளக்கேற்றும் சிறுவர்க்குச் சோப்பும் தண்ணீருமே போதும். பூசையறையில் கைத்தூய்மிப் புட்டிக்கு இடமில்லை.

மஞ்சள், மிளகு ரசம், நிலவேம்புக் கஷாயம் ஆகியன பற்றி வாட்ஸ்அப் வழியே வந்த செய்திகளுக்கு அளவில்லை. ரசம் நல்ல உணவு. நோய்க்கு அது கேடயம் என்று சொல்வது அறியாமை. நள்ளிரவில் வந்த குரல் பதிவைக் கேட்டுத் தூக்கமிழந்த முதியோர் எத்தனை பேர்! ஒரு செய்தியை அடுத்தவர்க்கு அனுப்புமுன், அதைச் சுகாதார அமைச்சு வெளியிட்டதா என்று பார்க்கும் பொறுப்பு இளைஞர்களுடையது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதைத் தேசிய உடல்நல ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவு உள்ளோர்க்கு இத்தொற்று கடுமையாக வரக்கூடும். ஆதலால் இச்சமூகத்து வீடுகளில் முதியோருக்குத் தடுப்பூசி தவறாமல் போடப்பட வேண்டும்.

உடலைக் காப்பதினும் உறவைக் காப்பது அரிதாயிருந்தது. 2020 நவம்பர் 14 தீபாவளியன்று சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு ஒரே வேளையில் ஐந்து விருந்தினரே வரலாம். ஜொகூர்ப் பாலத்தின் இருகரையிலும் பிரிந்திருந்த குடும்பங்களின் நிலை அதனினும் கொடிது. காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பியவர்கள், 2020 மார்ச்சில் அப்பால் தங்கியபடியே தங்கினர். தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. அதற்குள் இரு தீபாவளியும் இரு தைப்பூசமும் கடந்துவிட்டன. தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டு, தன் அறையிலிருந்தே கைகூப்பிய மக்களும் உண்டு. அவர்களிடம் சென்று, “கட்டுப்பாடு நன்மைக்கே” என்று எளிதாய்ச் சொல்லிவிட எவராலும் இயலாது.

அவ்வாண்டுகளில் மனம் தளராத வீடுகளில் சில பழக்கங்கள் பொதுவாகக் காணப்பட்டன. வீட்டில் கோலம் நின்றதில்லை. எண்ணெய் ஸ்நானமும் நின்றதில்லை. முறுக்கும் அதிரசமும் அளவாகச் சுட்டு, மலாய், சீன அண்டைவீட்டாரின் கேட்டில் மாட்டிவிட்டு வந்தனர். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் அவர்களும் அவ்வாறே செய்தனர். தனித்திருந்த பெரியவர்க்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் அழைத்துப் பேசும் பேரப்பிள்ளை இருந்தார். எப்போது வருமோ என்றிராமல், ஏழு மணிக்கு வரும் என்றிருக்கும் அழைப்பு பாட்டிக்கு அளிக்கும் நிம்மதி பெரிது. “இவ்வாண்டு திறந்த இல்ல உபசரிப்பு இல்லை” என்பதை ஒரு வாரம் முன்னரே அன்போடு தெரிவித்த வீட்டில் மனத்தாங்கல் எழவில்லை. வாசலில் வந்து நின்ற மாமாவை அங்கிருந்தே அனுப்பிய வீட்டில் எழுந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலையை 2023 மே 5 அன்று முடித்துக்கொண்டது; நோய்க்கிருமி முடிந்துபோகவில்லை. ஆதலின் இத்திருவிழாவுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலோ இருமலோ உள்ளவர் வீட்டிலேயே ஒரு தம்ளர் பாலை வேலுக்கு அபிஷேகம் செய்து அமைதியாய் வழிபடலாம். பெயர், நட்சத்திரம் எழுதிய அர்ச்சனைச் சீட்டை வீட்டார் ஒருவரிடம் கொடுத்தனுப்பினால் சங்கற்பத்தில் அவர் பெயரும் சொல்லப்படும். திருநீறும் குங்குமமும் பொட்டலமாய் வீடு வந்து சேரும்.