விஞ்ஞானிக்குத் தத்துவம் எதற்கு?

(புளியங்குடியில் ஆசிரியர்களும் மாணவர்களும் விவசாயத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானிக்குத் தத்துவம் எதற்கு? தராசும் சோதனைக் குழாயும் போதாதா?" என்று படித்த நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். தத்துவம் என்றால் வயதான காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற சமாசாரம் என்பது அவர்கள் எண்ணம். "எனக்குத் தத்துவம் ஏதும் கிடையாது, நான் உண்மைகளை மட்டுமே பார்க்கிறேன்" என்று சொல்லும் விஞ்ஞானியிடமும் ஒரு தத்துவம் இருக்கத்தான் செய்கிறது. பாட்டன் காலத்துப் பெட்டியைத் திறந்து பாராமலே பரணில் வைத்திருப்பவரைப்போல, உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கே தெரியாது. ஆனால் எதை ஆராய்வது, எதைச் சாட்சியமாக ஏற்பது, எதை "இப்படி நடக்கவே நடக்காது" என்று தள்ளுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தப் பெட்டிதான்.

நம் தமிழ்நாட்டில் படித்த ஒருவரின் கதையையே எடுத்துக்கொள்வோம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ல் லாகூரில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930ல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். கப்பலிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

என்ன கணக்கு? எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே சுருங்குகிறது. சூரியன் அளவு பொருள் பூமி அளவுக்குள் ஒடுங்கிவிடும். இதற்கு "வெள்ளைக் குள்ளன்" என்று பெயர். அதற்குமேல் சுருங்காமல் தாங்கிப்பிடிப்பது உள்ளே நெருக்குண்டு கிடக்கும் எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு. எல்லா நட்சத்திரங்களின் கடைசிக் கதியும் இதுவே என்று அன்று நினைத்தார்கள். எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதால் ஐன்ஸ்டீனின் சார்பு நியதியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றார் சந்திரசேகர். அப்படிக் கணக்கிட்டால் அந்த எதிர்ப்புக்கு ஒரு வரம்பு வந்துவிடுகிறது. நம் ஊரில் எலுமிச்சை மூட்டைகளை அடுக்குகிறோம். ஓரளவுக்கு மேல் ஏற்றினால் அடிமூட்டை நசுங்கிப்போகிறதல்லவா? அதுபோலத்தான். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் பொருள் இருந்தால் அது வெள்ளைக் குள்ளனாக நிற்க முடியாது. மேலும் மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

1935 ஜனவரி 11ம் தேதி, லண்டனில் ராயல் வானவியல் சங்கக் கூட்டத்தில் இதை அவர் எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். எடிங்டன் சாமானியரல்ல. 1919ல் சூரிய கிரகணத்தின்போது பிரின்சிபி தீவுக்குச் சென்று ஐன்ஸ்டீனின் கொள்கைக்குச் சான்று கொண்டுவந்தவர். முதல் உலக யுத்தத்தில் சேர மனச்சாட்சி இடம் தரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன நேர்மையாளரும்கூட. மாதக்கணக்கில் சந்திரசேகரின் கணக்குகளைக் கூடவே இருந்து பார்த்துவந்தவர், சபையைச் சிரிக்கவைத்து அந்த வாதத்தைத் தாக்கினார். கணக்கின்படி போனால் நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி ஒளிகூட வெளியேற முடியாத நிலை வரும் என்று அவரே விளக்கினார். இன்று நாம் கருந்துளை என்கிறோமே, அதன் வாசற்படிவரை வந்துவிட்டார்! வந்து நின்று, இப்படிப்பட்ட அபத்தத்தைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

எந்தத் தொலைநோக்கி அவருக்கு இதைச் சொல்லிற்று? எதுவுமில்லை. இயற்கையின் அடிப்படை விதிகளைச் சோதனையில்லாமலே, அறியும் மனத்தின் அமைப்பிலிருந்து வருவித்துவிடலாம் என்பது எடிங்டன் கொண்டிருந்த தத்துவம். 1939ல் அதை ஒரு நூலாகவே வெளியிட்டார். அணுக்கோட்பாட்டில் வரும் ஒரு முக்கியமான எண் 136 என்று வெறும் தர்க்கத்தால் "நிரூபித்தார்". சோதனைகள் 137 பக்கம் காட்டியதும் 137 என்று "நிரூபித்தார்". இன்று அளந்திருப்பது 137.036; அது முழு எண்ணே இல்லை. கருத்துமுதல்வாதம் மடங்களில் மட்டும் குடியிருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜிலும் அதற்கு வீடு உண்டு.

அடிமை நாட்டு இளைஞர் என்பதாலும் இப்படி நடந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் விஷயத்தில் பாதி கைநழுவிப் போகும். நீல்ஸ் போர், பௌலி போன்ற மேதைகள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனிமையில் ஒப்புக்கொண்டார்கள். சபையில் சொல்ல முன்வரவில்லை. எடிங்டனுடைய தத்துவத்தோடு மல்லுக்கட்டுவது தங்கள் வேலையல்ல என்பதுபோல் ஒதுங்கினார்கள். சந்திரசேகர் 1937ல் அமெரிக்கா சென்றார். 1939ல் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதிவைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நோபல் பரிசு 1983ல் வந்தது.

"எடிங்டன் கெட்டது தத்துவத்தால்தானே? அப்படியானால் தத்துவம் வேண்டாமே!" என்று ஒரு மாணவத் தோழர் கேட்கலாம். கேட்கட்டும். இதைவிடக் கடுமையான உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை மறைப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அழகல்ல. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மார்க்ஸியத்தின் பெயரைச் சொல்லி மரபணு விஞ்ஞானத்தையே எதிர்த்தார். உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த மாபெரும் விஞ்ஞானி வாவிலோவ் 1940ல் கைதாகி, 1943ல் சரத்தோவ் சிறையில் மாண்டார். லெனின்கிராடு முற்றுகையில் அவருடைய நிலையத்து ஊழியர்கள் அந்த விதைகளைத் தின்னாமல் பட்டினியால் செத்தார்கள். 1948ல் அங்கே லைசென்கோவின் கொள்கையே அதிகாரபூர்வமாயிற்று. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியின் பத்திரிகையில் தொடர்ந்து விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதிய ஹால்டேன், மார்க்ஸியத் தத்துவமும் விஞ்ஞானமும் பற்றி 1938ல் நூல் எழுதியவர், இந்த விவகாரத்தில் கட்சியிலிருந்து விலகிப்போனார். 1957ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

இரண்டு இடத்திலும் ஒரே கோளாறுதான். தத்துவம் வயலுக்கும் சோதனைச் சாலைக்கும் வந்து பதில் சொல்ல மறுத்தது. எதிர்த்துக் கேட்க வேண்டியவர்கள் ஒரு இடத்தில் அசட்டையாலும், மற்றொரு இடத்தில் அச்சத்தாலும் வாய்மூடி இருந்தார்கள். தத்துவத்தைக் கற்ற விஞ்ஞானிகள் ஏராளமாக இருந்தால்தான் அதன் பெயரால் மிரட்டுகிறவனை எதிர்த்து நிற்க முடியும்.

இனி விவசாயத் தோழர்களுக்கு. நட்சத்திரமும் லெனின்கிராடும் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், காசர்கோடு மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களின்மேல் 2000ம் ஆண்டுவரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். ஊனமாகக் குழந்தைகள் பிறந்தபோது, "இந்த மருந்துதான் காரணம் என்று ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகவில்லை" என்ற வாதம் வருஷக்கணக்கில் ஓடிற்று. கமிட்டிக்குப் பின் கமிட்டி. 2011ல் சுப்ரீம் கோர்ட் மருந்தைத் தடைசெய்தது. 2017ல் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

எவ்வளவு நிச்சயம் இருந்தால் "நிரூபணம்"? நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? மருந்து விற்பவன் தலையிலா, பிள்ளையைத் தூக்கி நிற்கும் தாய் தலையிலா? குற்றம் சாட்டப்பட்ட மனிதனுக்குச் சந்தேகத்தின் பலனைத் தருவது தர்மம். பூச்சிமருந்துக்கும் தரலாமா? ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இதற்கு விடை அச்சாகி வராது. இது தத்துவப் பிரச்னை. விஞ்ஞானி யோசிக்காமல் விட்டால், மருந்துக் கம்பெனி அவருக்காக யோசித்துவிடும்.

நம் எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் தெளிப்பு மருந்துகள் சிபாரிசாகி வருகின்றன. சிபாரிசு செய்பவரிடம் கேளுங்கள்: எத்தனை நாள் சோதித்தீர்கள், மகசூலை மட்டும் அளந்தீர்களா, தெளிக்கும் கூலித் தொழிலாளியின் உடம்பையும் பார்த்தீர்களா, சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்?

இனி நீங்கள் பேசலாம். விவசாயத் தோழர்கள் முதலில் கேட்கட்டும்.